பார்க்க வந்த சனமும் பார்க்கப்பட வந்த பிள்ளைகளும்

"உதுக்குள்ள போய் என்னத்தைப் பாக்கப் போறாய் பிள்ளை? எல்லாம் உடுப்புக் கடைதானே" எண்டுதான் அக்கா முதலில் சொன்னா.

அக்கா எங்கட ஊர். டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. கிழமையில் ஒரு நாள் முழு ஓய்வு, அதுவும் எப்போதும் ஞாயிறாக வராது. நான் ஒரு பயிற்சிக்காகப் பத்து நாள் ஜப்பான் போயிருந்தேன். இடையில் வந்த ஒரேயொரு ஞாயிறு அவவின்ட ஓய்வு நாளோடு ஒத்து வந்தது. எங்கே போவம் எண்டு அவ கேட்டதும், யோசிக்காமல் "ஹராஜுகு" என்றேன். பள்ளிக்கூடக் காலத்தில் அனிமே பார்த்து, பிறகு இணையத்தில் படம் படமாகத் தேடிச் சேர்த்து வைத்த பெயர் அது. தலைமுடியில் நூறு கிளிப் குத்தின பெட்டையள், விக்டோரியா காலத்துப் பொம்மை மாதிரி உடுத்தினவர்கள், ஆறு அங்குலச் சப்பாத்தோடு றோட்டில் நிற்கிற பெடியள். அதைத்தான் பார்க்கப் போனேன்.

பார்த்தது வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ரயிலில் இருந்து இறங்கித் தகேஷிதா வாசலால் வெளியே வந்தால், நேரெதிரே சரிந்து இறங்குகிற ஒரு ஒடுக்கமான தெரு. தகேஷிதா தோரி. நீளம் வெறும் 350 மீற்றர்தான். ஆனால் அந்த 350 மீற்றரைக் கடக்க எங்களுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு சனம். இரண்டு பக்கமும் கிறேப் கடைகள். மெல்லிய தோசை மாதிரி ஒன்றைச் சுட்டு, கூம்பாகச் சுருட்டி, உள்ளே கிறீமும் ஸ்ரோபெரியும் வைத்துத் தருவார்கள். 1970களின் பிற்பகுதியில் இருந்தே இந்தத் தெருவின் அடையாளம் அது. முகத்தை விடப் பெரிசான வானவில் நிறத் தும்பு முட்டாசு, மூன்று சோடி ஆயிரம் யென்னுக்குச் சொக்ஸ், நாணயம் போட்டுத் திருப்பினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொம்மை வருகிற இயந்திரங்கள், வெளியூரில் இருந்து கல்விச் சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாம் இருந்தது.

நான் தேடி வந்த ஆட்கள் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரம் போகத்தான் விளங்கியது. என்னைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நான் தேடுகிறவர்களைத்தான் தேடிக்கொண்டு நின்றார்கள். பிரான்ஸ்காரரும், தாய்லாந்துக்காரரும், ஜப்பானின் வேறு ஊர்களில் இருந்து வந்த பிள்ளைகளும் போனைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி. எல்லாரும் பார்க்க வந்தவர்கள். பார்க்கப்பட ஆள் இல்லை. கமராக்கள் கடைசியில் ஒன்றையொன்று படம் எடுத்துக்கொண்டிருந்தன.

இதற்கு இணையத்தில் ஒரு வசனம் தயாராக இருக்கிறது: "ஹராஜுகு செத்துப் போச்சு." அந்த வசனத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதற்குள் ஒரு உண்மை இருக்கிறது. அந்த உண்மையை அதைச் சொல்கிறவர்கள் பலர் பிழையான இடத்தில் தேடுகிறார்கள் என்பதுதான் என் கருத்து.

பெயரில்லாத ஊர்

முதலில் ஒரு வேடிக்கையான விசயம். ஹராஜுகு எண்டு ஒரு முகவரி இன்று இல்லை. 1965இல் முகவரிகளை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஜிங்குமாஏ என்று வைத்தார்கள். அதாவது "கோயிலின் முன்பக்கம்". ஸ்டேஷன் மட்டும் பழைய பெயரை வைத்துக்கொண்டது. ஆகவே உலகம் முழுக்கத் தெரிந்த ஹராஜுகு என்பது வரைபடத்தில் உள்ள ஊரை விட, சனம் வாயால் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றிய ஊர்.

கோயில் என்றால் மெய்ஜி ஆலயம். 1920இல் கட்டினது. ஸ்டேஷனின் ஒரு பக்கம் அதன் அடர்ந்த காடு, மறுபக்கம் இந்தத் தெரு. கோயிலுக்குப் போகிற பெருவழியாகப் போடப்பட்டதுதான் இன்று பிரபல பிராண்ட் கடைகள் வரிசையாக நிற்கும் ஒமொதெசாந்தோ. இரண்டாம் உலகப்போரில் தோற்ற பிறகு பக்கத்தில் இருந்த இராணுவ அணிவகுப்புத் திடலில் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டினார்கள். அந்த இடத்துக்கு வொஷிங்டன் ஹைட்ஸ் என்று பெயர். அந்தக் குடும்பங்களை நம்பிப் பொம்மைக் கடையும் நினைவுப்பொருள் கடையும் வந்தன. 1964 ஒலிம்பிக்குக்காக அந்த நிலம் திரும்பக் கிடைத்து, வீரர்களின் குடியிருப்பாகி, 1967இல் யோயோகி பூங்காவாக மாறியது.

யோசித்துப் பாருங்கள். பேரரசனுக்கு ஒரு கோயில், ஆக்கிரமிப்புப் படைக்கு ஒரு குடியிருப்பு, அரசாங்கத்துக்கு ஒரு ஒலிம்பிக். இந்த மூன்றில் ஒன்றும் இளம் ஆட்களுக்காகச் செய்யப்பட்டதில்லை. பெரியவர்கள் தங்கட தேவைக்குச் செய்து முடித்து மிச்சம் விட்ட இடைவெளிக்குள்தான் பெடியளும் பெட்டையளும் நுழைந்தார்கள்.

மூடின றோட்டு

நுழைய வழி விட்டது என்ன எண்டு கேட்டால், என் பதில்: ஒரு மூடின றோட்டு.

1970களின் பிற்பகுதியில் ஒமொதெசாந்தோவையும் யோயோகி பூங்காவை ஒட்டிய றோட்டையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாகனங்களுக்கு மூடினார்கள். ஜப்பானில் இதற்கு "நடப்போர் சொர்க்கம்" என்று பெயர், சுருக்கமாக ஹொகோதென். அவ்வளவுதான் மாநகரம் செய்தது. மேடை போடவில்லை, விழா எடுக்கவில்லை, இளைஞர் அபிவிருத்தித் திட்டம் எண்டு பெயர்ப்பலகை நட்டு நாடா வெட்டவில்லை. கிழமையில் சில மணித்தியாலம் வாகனத்தை நிறுத்தினார்கள்.

அந்த வெறும் தாரில்தான் 1980ஐ ஒட்டித் தகெனொகோ சொகு என்ற கூட்டம் வந்தது. தகெனொகோ என்றால் மூங்கில் குருத்து. தகேஷிதா தெருவில் 1978இல் தொடங்கின ஒரு உடுப்புக் கடையின் பெயர் அது. கண்ணைப் பறிக்கிற நிறத்தில் தொளதொளத்த உடுப்புப் போட்டு, பெரிய கசெட் ரேடியோவை நிலத்தில் வைத்து, வட்டமாக நின்று டிஸ்கோ ஆடினார்கள். பக்கத்தில் தோல் சட்டையும் எண்ணெய் தடவின தலையுமாக ரொக் அன் ரோல் கூட்டம். எண்பதுகளின் கடைசியில் கிற்றாரோடு பாண்ட் பெடியள். அவர்களில் சிலர் அந்தத் தாரில் இருந்து நேரே தொலைக்காட்சிக்குப் போனார்கள்.

தொண்ணூறுகளில் உடுப்பே நிகழ்ச்சியாகிவிட்டது. ஷொஇச்சி அஒகி என்ற படப்பிடிப்பாளர் 1997இல் "ஃப்ரூட்ஸ்" என்ற இதழைத் தொடங்கி, இந்தத் தெருவில் நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்திப் படம் எடுத்தார். கிமோனோத் துண்டோடு பழைய இராணுவச் சட்டை, அம்மாவின் பாவாடையோடு பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான். கடையில் வாங்கினது, கையால் தைத்தது, இரவல் வாங்கினது எல்லாம் ஒரே உடம்பில். நான் சின்ன வயதில் இணையத்தில் பார்த்த படங்களில் முக்கால்வாசி அந்த இதழில் இருந்து வந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது.

1998இல் ஹொகோதெனை நிறுத்தினார்கள். சத்தம், குப்பை, வாகன நெரிசல் எண்டு காரணங்கள் இருந்தன. அவை பொய்க் காரணங்கள் இல்லை. றோட்டுக்குத் திரும்பவும் வாகனம் வந்தது. பிள்ளைகள் கோயிலுக்குப் போகிற ஜிங்கு பாலத்துக்கு நகர்ந்தார்கள். பாலமும் காலப்போக்கில் காலியானது. 2017இல் அஒகி மாத இதழை நிறுத்தினார். படம் எடுக்கிற அளவுக்குப் பிள்ளைகள் இல்லை எண்டு காரணம் சொன்னார்.

கடையா, தெருவா?

"ஹராஜுகு செத்துப் போச்சு" என்கிறவர்கள் பொதுவாகச் சொல்கிற காரணம் கடை: மலிவான பெரிய உடுப்புக் கொம்பனிகள் வந்துவிட்டன, சின்னக் கடைகள் போய்விட்டன. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கடை எப்போதும் இருந்ததுதானே? லஃபொரே என்ற பெரிய கடைத்தொகுதி 1978இலேயே அந்தச் சந்தியில் வந்துவிட்டது. நிகோ, ஜுன் தகஹாஷி என்ற இரண்டு பேர் 1993இல் பின்தெருவில் "நோவேர்" என்ற சின்னக் கடையைத் திறந்தார்கள். அதில் இருந்து வளர்ந்தது இன்று உலகம் முழுக்க விற்கிற தெரு உடுப்பு வியாபாரம். நிகோ 2021இல் பாரிஸின் கென்சோ நிறுவனத்துக்கே கலை இயக்குநரானார். ஆக, வியாபாரம் இந்தத் தெருவைக் கொன்றது எண்டு சொல்வது சரிவராது. வியாபாரமும் தெருவும் கனகாலம் ஒன்றாகவே வாழ்ந்தன.

ஒன்றாக வாழ முடிந்ததற்குக் காரணம், கடைக்கு வெளியே காசில்லாமல் நிற்க இடம் இருந்தது. ஒரு சட்டையை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்க ஒரு ஞாயிறு இருந்தது. கடை துணியை மட்டும்தான் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஆளாக நிற்க இடம் கொடுத்தது றோட்டு. றோட்டு போன பிறகு கடை மட்டும் மிச்சம். இப்போது நீங்கள் பார்ப்பது அந்த மிச்சத்தைத்தான்.

நம்பாவிட்டால் ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். தகேஷிதா தெருவில் இருந்து கால் வலிக்க நடந்த பிறகு, காசு கொடுக்காமல் இருக்க ஒரு வாங்கு தேடுங்கள். நாங்கள் தேடினோம். இருக்க வேண்டுமென்றால் கோப்பி வாங்க வேண்டும், கிறேப் வாங்க வேண்டும். கடைசியில் அக்காதான் பக்கத்து ஒழுங்கையால் தோகோ ஆலயத்துக்குக் கூட்டிப் போனா. கடற்படைத் தளபதி ஒருவருக்குக் கட்டின கோயில். அமைதியான குளம், மீன்கள். 350 மீற்றர் இளைஞர் தெருவில் காசில்லாமல் நின்று ஆற எங்களுக்குக் கிடைத்த இடம், செத்துப்போன ஒரு கடற்படைத் தளபதியின் வளவு.

ஏன் ஞாயிறு?

ஒரு விசயத்தை மறந்துவிடக் கூடாது. இந்தப் பிள்ளைகள் திங்கள் தொடக்கம் வெள்ளி வரை யாராக இருந்தார்கள்?

ஜப்பானின் பள்ளிக்கூட விதிகள் கடுமையானவை. முடியின் நிறம், பாவாடையின் நீளம், சில இடங்களில் உள்ளாடையின் நிறம் வரைக்கும் விதி. ஒசாகாவில் ஒரு மாணவி, பிறவியிலேயே மண்ணிறமான தன் முடிக்குக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லித் திரும்பத் திரும்ப வற்புறுத்தியதாக 2017இல் வழக்குப் போட்டார். 2021இல் நீதிமன்றம் அவருக்கு 330,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதுவும் முடி விதி பிழை என்பதற்காக இல்லை, வகுப்பறையில் அவரின் கதிரையையும் மேசையையும் எடுத்து, பெயர்ப் பட்டியலில் இருந்தும் அவரை நீக்கியதற்காக. டோக்கியோவின் அரச உயர்பள்ளிகள் முடி நிற விதியையும் உள்ளாடை நிற விதியையும் கைவிட்டது 2022இல்தான்.

இரட்டைப் பின்னல், கறுப்பு ரிபன், முழங்கால் தாண்டிய வெள்ளை யூனிபோம், வாசலில் நிற்கிற மாணவத் தலைவி. இதெல்லாம் கடந்து வந்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆறு நாள் ஒரே மாதிரி இருக்கச் சொன்னால் ஏழாம் நாள் நூறு கிளிப் குத்தத்தான் தோன்றும். ஹராஜுகுவின் உடுப்பை "விசித்திரமான ஜப்பான்காரர்" எண்டு பார்க்கிற வெளிநாட்டுக் கண் இதைக் காண்பதில்லை. அது கிழமை நாட்களுக்கான பதில்.

மூன்று விதமான பார்வை

ஜிங்கு பாலத்தில் அன்று ஒரேயொருவர் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். அடுக்கடுக்காக லேஸ் வைத்த கறுப்புக் கவுண், தலையில் சின்னத் தொப்பி, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. கல்லில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் படம் எடுக்க ஆசை. அக்கா கையைப் பிடித்தா. "கேட்டுட்டு எடு."

அக்காவே போய்க் கேட்டா. அவர் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். கொஞ்சம் கதைத்தோம், அக்கா மொழிபெயர்த்தா. உயர்பள்ளிக் காலத்தில் இருந்து வருகிறாராம். இப்போது ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. மாதத்தில் ஒரு நாள் வருவாராம். "முந்தி இடம் பிடிக்க வெள்ளன வர வேணும். இப்ப இடம் நிறைய இருக்கு" என்றார். கவலையாகச் சொன்னாரா பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் விளங்கவில்லை.

திரும்பி நடக்கும்போது அக்கா சொன்னதுதான் எனக்கு இந்தக் கட்டுரையின் மையம். "எனக்கு இந்த நாட்டில பிடிச்ச ஒண்டு என்ன தெரியுமோ? ஒருத்தரும் என்னைப் பாக்க மாட்டினம். ரயில்ல நித்திரை கொள்ளுவன், தனியக் கடையில சாப்பிடுவன், இரவு பத்து மணிக்கு நடந்து வருவன். ஆற்ற மகள், எங்க போறாய், ஏன் இந்த உடுப்பு எண்டு ஒருத்தரும் இல்லை. ஆனா இவை பாக்கச் சொல்லியெல்லோ வந்து நிக்கினம்!"

முதலில் நான் இதை முரண்பாடு என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் இல்லை. ஊரில் எங்களுக்குக் கிடைக்கிறது கணக்கெடுக்கிற பார்வை. சந்தியில் பெடியன் நின்றால் காவாலி, பெட்டை நின்றால் கதை. அக்காவுக்கு டோக்கியோவில் கிடைத்தது பார்வையில் இருந்து விடுதலை. பாலத்தில் இருந்த அந்தப் பெண் கேட்டது மூன்றாவது: என்னைப் பார், ஆனால் நான் தீர்மானித்த மாதிரிப் பார். யாருடைய மகள், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கந்தோர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இன்று காலையில் நான் உருவாக்கின இந்த ஆளைப் பார். அப்படிப் பார்க்கப்படுவதற்கு ஒரு பொது இடம் வேண்டும். கோயிலுக்குப் போகிற கிழவியும், குழந்தையோடு போகிற தகப்பனும், உங்களைப் பிடிக்காதவர்களும் கடந்து போகிற இடமாக அது இருக்க வேண்டும்.

இங்கேதான் "எல்லாம் இப்ப இன்ஸ்டகிராமிலும் டிக்டொக்கிலும் நடக்குதுதானே, இடம் மாறினதுதானே" என்ற வாதத்தோடு நான் பாதி வழி மட்டும் போகிறேன். அங்கே நடக்கிறது, உண்மை. பிள்ளைகள் உடுத்துவதை நிறுத்தவில்லை. ஷிமோகிதஸவாவிலும் கொஎஞ்சியிலும் பழைய உடுப்புக் கடைகள் நிரம்பி வழிகின்றன. ஆனால் போனில் உங்களை யார் பார்ப்பது என்று இயந்திரம் தீர்மானிக்கிறது. உங்களை ஏற்கெனவே விரும்புகிறவர்களிடமோ, ஏசுகிறவர்களிடமோ கொண்டுபோய்ச் சேர்க்கும். பாலத்தில் அப்படி இல்லை. கிழவி பார்த்து முகம் சுழிக்கலாம், அடுத்த ஞாயிறும் பார்க்கலாம், மூன்றாவது ஞாயிறு பழகிப் போகும். அந்தப் பழக்கம்தான் ஒரு நகரம். போனில் அது நடக்காது.

இயந்திரம் என்றதும் இன்னொன்று. தகேஷிதா தெருவில் பூரிகுரா என்ற படக் கூடுகள் இருக்கின்றன. 1995இல் அறிமுகமானவை. ஐந்நூறு யென்னோ என்னவோ போட்டு உள்ளே போனால், படம் எடுத்து, கண்ணைப் பெரிசாக்கி, மேலே நட்சத்திரம் ஒட்ட விடும். நானும் அக்காவும் போனோம். சரியான பகிடி. படம் வெளியே வந்ததும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எங்கட நிறம் இல்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி. "இந்த மிசினுக்கு எங்களைத் தெரியேல்ல" எண்டு அக்கா சிரித்தா. நானும் சிரித்தேன். எல்லாரும் எப்படியும் இருக்கலாம் எண்டு சொல்கிற தெருவிலும் எல்லாரும் என்பதற்கு ஒரு நிறம் இருக்கிறது. நான் இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை சுற்றுலா விளம்பரமாகிவிடும்.

ஷிபுயா வரை

ஹராஜுகுவில் இருந்து ஷிபுயாவுக்குக் கட் ஸ்ட்ரீட் வழியாக நடக்கலாம். வளைந்து வளைந்து போகிற அழகான தெரு. ஏன் வளைகிறது என்றால் அது ஒரு ஆறு. ஷிபுயா ஆற்றை ஒலிம்பிக் காலத்தில் மூடி மேலே தெரு போட்டார்கள். தண்ணீர் இன்னும் கீழே போகிறது.

ஷிபுயாவில் 1979இல் திறந்த 109 என்ற கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒருகாலத்தில் வெயிலில் கறுத்த முகமும் வெளிறின முடியுமாகக் கியாரு பெட்டையளின் கோட்டை அது. இங்கே நான் பார்க்க விரும்பியது மியாஷிதா பூங்கா. முந்தி அது வாகனத் தரிப்பிடத்துக்கு மேலே இருந்த சாதாரணப் பூங்கா. வீடில்லாதவர்கள் நீலத் தறப்பாளுக்குக் கீழே படுத்தார்கள். அவர்களை வெளியேற்றிய பிறகு, 2020இல் அதே பெயரில் ஒரு கடைத்தொகுதி வந்தது. பூங்கா இப்போது அதன் கூரையில். சுத்தமாக இருக்கிறது, ஸ்கேட்போர்ட் ஓட இடம் இருக்கிறது, பிள்ளைகள் புல்லில் இருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் பூங்காவுக்குக் கீழே மூன்று மாடி கடை, அதற்கு ஒரு மூடும் நேரம்.

ஷிபுயாவில் ஹலோவீன் இரவு பெரிய கூட்டம் கூடுவது வழக்கம். 2023இல் மாவட்டத் தலைவர் "ஹலோவீனுக்கு ஷிபுயா வராதீர்கள்" என்று வெளிநாட்டுச் செய்தியாளர் முன்னால் வெளிப்படையாகக் கேட்டார். அந்த இரவு ஹசிகோ நாய்ச் சிலையைக்கூடச் சுற்றி அடைத்தார்கள். 2024 ஒக்டோபர் தொடக்கம் ஸ்டேஷனைச் சுற்றி மாலை ஆறு தொடக்கம் காலை ஐந்து வரை றோட்டில் மது குடிக்க வருடம் முழுவதும் தடை.

இதை அடக்குமுறை எண்டு ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. 2022இல் சியோலின் இதாஎவொனில் ஹலோவீன் நெரிசலில் 150க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் இளம் ஆட்கள். அதைப் பார்த்த எந்த நகரத் தலைவருக்கும் நித்திரை வராது. குடித்துவிட்டு விட்டுப்போகிற போத்தலைக் காலையில் பொறுக்குகிறவரும் ஒரு மனிதர்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹொகோதெனை நிறுத்தினபோதும், பூங்காவைக் கூரைக்கு ஏற்றினபோதும், ஹலோவீனைத் தடுத்தபோதும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக நல்ல காரணம் இருந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வருகிற விடை: வாங்க வந்தால் வா, நிற்க வந்தால் போ. அந்த விடையை யாரும் வாக்கெடுத்துத் தீர்மானிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அப்ப என்ன செய்யிறது?

பழைய ஹராஜுகுவைத் திருப்பிக் கொண்டுவா எண்டு நான் கேட்கவில்லை. அது முடியாது, தேவையும் இல்லை. 1980இல் மூங்கில் குருத்துக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் பாண்ட் பெடியளைப் பார்த்து "இது ஹராஜுகு இல்லை" எண்டுதான் சொல்லியிருப்பார்கள். பெரிசுகளுக்கு எப்போதும் தாங்கள் இளமையாக இருந்த வருடம்தான் சரியான வருடம்.

நான் சொல்வது சின்ன விசயம். இளம் ஆட்களுக்கு இடம் செய்கிறோம் எண்டு சொல்லி எந்த ஊரிலாவது ஒரு கடைத்தொகுதியைக் கட்டி, நடுவில் நிறமான வாங்கு இரண்டு வைத்து, மேலே படம் எடுக்க ஒரு சிறகு வரைந்து வைத்தால், அது இளைஞர் இடம் இல்லை. அது இளைஞர் சந்தை. சந்தையும் தேவைதான், நானும் சொக்ஸ் வாங்கினேன். ஆனால் ஹராஜுகுவை ஹராஜுகு ஆக்கியது கிழமையில் சில மணித்தியாலம் மூடின ஒரு றோட்டு. அதற்குக் கட்டடக் கலைஞர் தேவையில்லை, வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. இரண்டு மறிப்பும், சத்தத்தைக் கொஞ்ச நேரம் பொறுக்கிற அயலவரும், குப்பை பொறுக்க ஒரு ஒழுங்கும் போதும். அந்த மூன்றில் ஒன்று தவறினபோது அடுத்த இரண்டும் போனது என்பதுதான் 1998இல் இருந்து நாங்கள் எடுக்க வேண்டிய பாடம். ஆகவே இடம் கேட்கிற பிள்ளைகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நின்ற இடத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிறும் வேண்டுமென்றால்.

ஜிங்கு பாலத்தில் அந்தப் பெண் சாப்பிட்டு முடித்து, பெட்டியை மூடி, விழுந்த அரிசிப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்துவிட்டு எழும்பினார். அவர் அடுத்த மாதமும் வருவார். பார்க்கிற ஆட்கள் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறோம். பக்கத்தில் நிற்க இரண்டு பேர் வந்தால் நல்லது.